வெயிலில் வைத்துப் பார்த்தவள்

அறை பார்க்க வந்த அன்றே அந்தப் பெண் ஏணி கேட்டாள்.

சித்திரை மாதம். மழை பெய்து நான்கு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. "கூரை ஒழுகுமாண்ணே?" என்று கேட்டாள். "ஒழுகாதும்மா" என்றேன். உண்மையில் எனக்கு அது தெரியாது. கொத்தனார் அப்படிச் சொல்லியிருந்தார், அதை நான் சொன்னேன். அவள் மறுபேச்சுப் பேசாமல் ஏணியைச் சுவரில் சாய்த்து ஏறினாள். கூட வந்திருந்த இரண்டு பெண்களும் தொட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் மேல் எட்டுக் குடம் தண்ணீர் ஊற்றினாள். பிறகு இறங்கி அறைக்குள் போய் அண்ணாந்து நின்றாள். மூன்று நிமிடம் இருக்கும். அவள் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது.

"ஒழுகுதுண்ணே" என்றாள். குரலில் கோபமே இல்லை. அடைத்தால் சொல்லுங்கள், வருகிறேன் என்று போய்விட்டாள்.

கோபம் என் மனைவிக்குத்தான். "தண்ணி லாரிக்குக் காத்துக்கினு கீறோம். இவ எட்டுக் கொடத்தைக் கூரை மேல ஊத்திட்டுப் போறா. வாடகைக்கு வந்தாளா, வூட்டை வெலைக்குக் கேட்டு வந்தாளா?"

கொத்தனாரைக் கூப்பிட்டு அடைத்த பிறகு சொல்லியனுப்பினேன். வந்தாள். மறுபடியும் ஏணி கேட்டாள்.

அவளுடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. எங்கேயோ குடும்பமாக இருப்பாள். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள் என்பதால் அவள் என்று எழுதுகிறேன். நேரில் வாம்மா, போம்மாதான். சாத்தூர் பக்கத்துப் பெண். அப்போது இருபத்தெட்டு வயது. ஒரகடத்தில், வண்டிகளுக்கு உள்ளே பொருத்தும் மின் பலகைகள் செய்கிற ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தாள். லைனில் வருகிற பலகையைச் சோதித்து, நல்லதற்குப் பச்சையும் கெட்டதற்குச் சிவப்பும் ஒட்டுவது அவள் வேலை. அந்த வேலையைக் கம்பெனிக்குள் மட்டும் செய்திருந்தால் யாருக்கும் தொல்லை இல்லை.

வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போனால் அர்ச்சனைத் தேங்காய் ஒன்று எடுக்க ஆறு தேங்காயை ஆட்டிப் பார்ப்பாள். காஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர் எங்கள் தெருவுக்கு மட்டும் தராசோடு வந்தார். செருப்பு வாங்கினால் கடைக்காரரிடம் சொல்லிவிட்டுக் கடைவீதி முழுக்க ஒரு முறை நடந்துவிட்டு வந்துதான் முடிவு சொல்வாள். எல்லாவற்றுக்கும் ஒரே பேச்சு: "ஓடட்டும்ணே, பாப்போம்."

ஒரு முறை அவளைப் பெண் பார்க்கச் சாத்தூரிலிருந்து வேன் வைத்து வந்தார்கள். எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் உட்கார வைத்தோம். மாப்பிள்ளை பத்து வருடமாக லாரி ஓட்டுகிறார் என்று அவருடைய மாமா சொன்னார். அவள் காபித் தட்டைக் கீழே வைத்தாள். "அந்த வேனைச் சந்துல இருந்து ரிவர்ஸ் எடுத்துக் காட்டச் சொல்லுங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை எழுந்து போனார். எங்கள் முருங்கை மரம் அன்றைக்கு விழுந்தது. அவர் லாரியில் கிளீனராக இருந்தவர் என்று அப்புறம்தான் தெரிந்தது.

"புருஷனைக்கூட ஓட்டிப் பாத்துதான் கட்டுவா போல கீது" என்றாள் என் மனைவி, விழுந்து கிடந்த முருங்கைக் கீரையை உருவிக்கொண்டே.

"கிளீனருன்னு சொல்லியிருந்தா நான் சரின்னு சொல்லியிருப்பேன் மதினி" என்றாள் அவள். "கிளீனருக்கு என்ன குறைச்சல்?"

நான் இதற்கு நேர் எதிர். கடைக்காரர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது. அழுகின தக்காளியைக் கண் எதிரே போட்டாலும் பையை விரித்துக் காட்டிக்கொண்டு நிற்பேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பேன், ஆங்கிலத்தில் எண்கள் மட்டும் தெரியும். தொழிற்பேட்டைக்காக எங்கள் நிலத்தை எடுத்தபோது வந்த பணத்தில் வீட்டை ஒட்டி இரண்டு அறை கட்டினேன். பின்னறையில் அந்தப் பெண்கள் குடியிருந்தார்கள். முன்னறையில் மூன்று பழைய கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு விளையாட்டுக் கடை வைத்தேன். கம்ப்யூட்டரைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று கேட்கலாம். ஒன்றும் தெரியாது. தெற்கிலிருந்து வேலைக்கு வந்து அறை எடுத்துத் தங்கியிருந்த பையன்கள், "ஞாயித்துக்கெழமை எங்களுக்குப் போக இடம் இல்லண்ணே, மூணு மிஷின் போடுங்க, நாங்க வாறோம்" என்றார்கள். போட்டேன். வந்தார்கள். வீடு அதில்தான் நடந்தது.

ஒன்பது மாதம் கழித்துப் புதிதாக ஒரு சண்டை விளையாட்டு வந்தது. என் மூன்று கம்ப்யூட்டரிலும் அது ஓடவில்லை. திறந்தால் படம் வருவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். அதே சமயம் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பத்து மிஷினோடு ஒரு கடை திறந்தார்கள். பையன்களில் கண்ணன் என்று ஒருவன், ராமநாதபுரத்துக்காரன், மற்றவர்கள் எல்லாம் அவன் சொன்னபடி கேட்பார்கள். அவன்தான் என்னிடம் சொன்னான்.

"உங்க மிஷினு பாவம்ணே. கிழவனைக் கபடிக்கு இறக்கின மாதிரி மூச்சு வாங்குது. படத்தை ஓட்டறதுக்கே கிராபிக்ஸ் கார்டுன்னு ஒண்ணு இருக்கு, அதை வாங்கி உள்ள சொருகுங்க. எல்லாம் சரியாப் போயிரும்."

பக்கத்து ஊர்க் கடை ஒன்றில் போய் வாங்கினேன். இரண்டு பெட்டி காட்டினார்கள். ஒன்றில் 128 என்று போட்டிருந்தது, மற்றதில் 256. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. எனக்குப் படிக்கத் தெரிந்தது எண்தான். மோட்டாரோ டிராக்டரோ, எண் பெரிதாக இருந்தால் சாமானும் பெரிது என்பது எங்கள் கணக்கு. 256-ஐ எடுத்துக்கொண்டு வந்தேன். அந்தக் கார்டுக்குச் சொந்தமாக இருந்த மெமரி கொஞ்சம்தான் என்பதும், மீதியைக் கம்ப்யூட்டரிடமிருந்து எடுத்துக்கொண்டு 256 வரை போகும் என்பதைத்தான் பெட்டியில் பக்கத்திலேயே சின்ன எழுத்தில் எழுதியிருந்தார்கள் என்பதும் பின்னால் தெரிந்தது. ஏற்கெனவே மூச்சு வாங்கிய மிஷினின் முதுகில் ஒரு ஆளை ஏற்றிவிட்டிருக்கிறேன்.

"அண்ணே, இன்னைக்குத் துப்பாக்கிய அழுத்துனா குண்டு நாளைக்கு ஷிப்ட்டுக்குத்தான் வருது" என்று கண்ணன் சொன்னதும் அறை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். திருப்பிக் கொடுக்கப் போனபோது, பிரித்த பெட்டி என்று வாங்க மறுத்துவிட்டார்கள். சரி என்று வந்துவிட்டேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நைட் ஷிப்ட்டுக்குக் கிளம்பி வந்தவள் வாசலில் கிடந்த காலிப் பெட்டியைக் கையில் எடுத்தாள்.

"இதை ஓட்டிக் காட்டுனாங்களாண்ணே?"

"இல்லம்மா. பொட்டிய காட்டுனாங்க."

"பெட்டியையா ஓட்டப் போறீங்க?"

எனக்குத் தலை குனிந்துவிட்டது. உள்ளே இருந்து கண்ணன் எட்டிப் பார்த்தான். "வர்ற ஞாயிறு வரைக்கும் பாப்போம்ணே. அப்புறம் பயலுக பஸ் ஸ்டாண்டு கடைக்குப் போறோம்னு நிக்கிறானுக. நான் பிடிச்சு வைக்க முடியாது" என்றான். அவன் மிரட்டவில்லை, உள்ளதைச் சொன்னான். என்னிடம் இருந்த பணம் மூன்று கார்டு வாங்க ஒரு தடவைக்குக் காணும். இன்னொரு தடவை தப்பு செய்தால் கடையை மூடிவிட்டு யார் கம்பெனி கேட்டிலாவது காவலுக்கு நிற்க வேண்டியதுதான்.

அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான். "எந்த மாதிரி கார்டு வேணும்?"

"ரொம்பப் பெருசும் வேணாம், சின்னதும் வேணாம்க்கா. நடுவுல ஒண்ணு" என்றான் கண்ணன்.

"நடுவுலன்னா எங்கன? அதை எப்படிப் பாக்குறது?"

அவன் இரண்டு கையையும் விரித்து ஒரு அளவு காட்டினான். "நாளைக்கு நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வாரேன்ணே. ஒரு மிஷினைக் கழட்டி வைங்க. அதையும் தூக்கிட்டுப் போவோம்" என்றாள். அவளுக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டு என்றால் என்ன என்றே தெரியாது. ஒரு தடவைகூட எங்கள் கடையில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

திங்கள்கிழமை கண்ணனையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் கிளம்பினோம். கம்ப்யூட்டர் பெட்டியை என் மனைவியின் பழைய புடவையில் மூட்டையாகக் கட்டி மடியில் வைத்திருந்தேன். பூந்தமல்லி பஸ்ஸில் கண்டக்டர் லக்கேஜ் போட வேண்டும் என்றார். நான் பைக்குள் கையை விட்டேன். அவள் முன் சீட்டிலிருந்து திரும்பினாள்.

"சீட்டுலயா வச்சிருக்காரு? மடியிலதான வச்சிருக்காரு. பிள்ளைய மடியில வச்சா டிக்கெட் கேப்பீகளா?"

"புள்ள அழும்மா. இது அழாது" என்றார் கண்டக்டர்.

"அழுதா அப்பப் போடுங்க" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்கு வியர்த்துவிட்டது.

சென்னையில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ரிச்சி தெருவில் நாங்கள் நுழைந்த கடை சின்னதுதான், ஆனால் ஏசி போட்டிருந்தார்கள். கடைக்காரர் என் வயது இருப்பார். கையில் பட்டையான காப்பு.

"எங்க கீது உங்க கடை? ஒரகடம் பக்கமா? கம்பெனிப் பசங்கதான வராங்க? அப்போ இத்த எடு தலைவரே. அவனுங்களுக்கு இது போதும்" என்று எல்லாவற்றிலும் சின்னதாக ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். கண்ணன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அவன் அன்றைக்கு நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

"யாருக்குப் போதும்?" என்றாள் அவள்.

"அவனுங்களுக்குத்தாம்மா."

"அவங்க சொன்னாங்களா?"

கடைக்காரர் அவளை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். உடனே அலமாரியின் உச்சியிலிருந்து ஒரு பெரிய பெட்டியை இறக்கினார். "அப்போ இத்த எடு. ராஜா. அஞ்சு வருசத்துக்குத் திரும்பிப் பாக்க வேணாம்."

"இதுக்கும் அதுக்கும் நடுவுல இருக்கறதையும் எடுங்க. மூணையும் ஓட்டிக் காட்டுங்க."

அவருடைய மிஷினில் மூன்றும் ஓடின. அவள் புடவை மூட்டையை அவிழ்த்து எங்கள் மிஷினை மேசை மேல் வைத்தாள். அதிலும் மூன்றையும் மாற்றி மாற்றிச் சொருகச் சொன்னாள். கண்ணன் உட்கார்ந்து அந்தப் புது விளையாட்டை ஓட்டினான். திரையின் மூலையில் ஒரு எண் வரும், ஒரு நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்று காட்டும். அதை மட்டும் அவள் பார்த்துப் பார்த்து ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதினாள். சின்னது திக்கித் திக்கி வந்தது. நடுவில் இருந்தது ஒழுங்காக ஓடியது. பெரியதைப் போட்டபோது கண்ணன் மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி குனிந்தான். படத்தில் புல் அசைவதுகூடத் தெரிந்தது.

"முடிஞ்சுதா?" என்றார் கடைக்காரர்.

"இல்லண்ணே. இனி வெளிய வச்சுப் பாக்கணும்."

"வெளிய இன்னா?"

"வெயில்ல. உங்க கடையில ஏசி ஓடுது. எங்களுக்கு ஆஸ்பெட்டாஸ் கூரை. மத்தியானம் உள்ள உக்காந்தா மண்டையில தோசை ஊத்தலாம். அங்கன ஓடுமான்னுல பாக்கணும்."

"இன்னாம்மா இது? ரோட்ல வச்சு ஓட்ட இது இன்னா கரும்பு ஜூஸ் மிஷினா?"

"கரும்பு ஜூஸ்காரரே ரோட்டுல வச்சு ஓட்டிக் காட்டுறாரு. உங்களுக்கு என்ன?"

எதிர்ப்புறம் வண்டி வைத்திருந்த கரும்பு ஜூஸ்காரர் கைதட்டினார். இரண்டு சுமைக்காரர்கள் நின்றார்கள். இத்தனை பேர் பார்க்கும்போது முடியாது என்றால் சாமானில் குறை என்று ஆகிவிடும் என்று கடைக்காரர் நினைத்திருக்க வேண்டும். முனகிக்கொண்டே கடைக்குள்ளிருந்து வயரை இழுத்தார். நடைபாதையில் ஒரு ஸ்டூல், அதன் மேல் பழைய மானிட்டர், கீழே எங்கள் மிஷின். மணி பன்னிரண்டரை. வெயிலில் திரை கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணன் என் மனைவியின் புடவையை எடுத்து, தன் தலையையும் மானிட்டரையும் சேர்த்து மூடிக்கொண்டான். உள்ளேயிருந்து துப்பாக்கிச் சத்தம் வந்துகொண்டிருந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று, பழைய காலத்துப் போட்டோ எடுக்கிறார்களா என்று கேட்டார்கள். நான் ஜூஸ் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவள் மட்டும் இரவெல்லாம் தூங்காத கண்ணோடு, குடையும் இல்லாமல், பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

பெரிய கார்டு ஒன்பதாவது நிமிடத்தில் திரை முழுக்கப் பட்டை பட்டையாகக் கோடு போட்டது. மிஷின் அணைந்துவிட்டது. மறுபடி போட்டார்கள். மறுபடியும் அணைந்தது.

"அது குடிக்கிற கரண்டு ஜாஸ்திமா. உங்க பொட்டிக்குள்ள கீற பவர் தாங்கல. அத்தையும் மாத்திடு, பறக்கும்" என்றார் கடைக்காரர்.

"அதை முதல்லயே ஏன் சொல்லல?"

"நீ கேக்கலியே."

"நான் கேக்கலைன்னா நீங்க சொல்ல மாட்டீங்க. அதுக்குத்தாண்ணே இந்த வெயிலு" என்றாள்.

நடுவில் இருந்த கார்டைப் போட்டார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை புடவைக்குள் தலையை விட்டு எண்ணைப் பார்த்து எழுதினாள். ஒரு மணி நேரம் ஓடியது. நிற்கவில்லை. புடவையை விலக்கியபோது கண்ணன் கிணற்றில் விழுந்தவன் மாதிரி நனைந்திருந்தான்.

"ஏம்மா, எங்க கடைல வேலைக்கு வந்துடறியா?" என்றார் கடைக்காரர், பாதி எரிச்சலும் பாதி உண்மையுமாக.

"வந்தா உங்க கடையில பாதிக்குச் செவப்பு ஒட்டணும்ணே."

மூன்றாக எடுத்தால் குறைத்துத் தருவதாகச் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ஒன்று போதும் என்றுவிட்டாள். திங்கள் முடிகிறது. ஞாயிறு வரப்போகிறது. இந்தப் பெண்ணுக்கு அவசரம் என்பதே தெரியாதா என்று பஸ்ஸில் முழு வழியும் மனதுக்குள் திட்டிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் அவளுக்கு வார விடுமுறை. காலை ஒன்பது மணிக்கு எங்கள் கடை அறையில் மிஷினை மூடி போட்டு இறுக்கி, விளையாட்டைத் தொடங்கச் சொன்னாள். ஒரு ஷிப்ட் முழுக்க ஓட வேண்டும் என்றாள். அன்றைக்கு இரவு வேலைக்குப் போக வேண்டிய பையன்கள் மாற்றி மாற்றி உட்கார்ந்தார்கள். அவள் சுவரோரம் ஸ்டூல் போட்டுத் தாளும் பேனாவுமாக இருந்தாள். பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. கூரை காய்ந்து அனல் இறங்கியது. என் மனைவி சாப்பாட்டை அங்கேயே கொண்டு வந்து வைத்தாள். இரண்டு ஐம்பதுக்குத் திரையில் ஓடிக்கொண்டிருந்த சிப்பாய் ஒற்றைக்காலைத் தூக்கியபடி நின்றுவிட்டான்.

அணைத்துப் போட்டதும் மறுபடி ஓடியது. ஐந்து மணி வரைக்கும் அப்புறம் நிற்கவில்லை. ஐந்து மணிக்கு அவள் பையிலிருந்து ஒரு சிவப்புச் சீட்டை எடுத்து மிஷினின் மேல் ஒட்டினாள்.

"ஆகாதுண்ணே. வேற பாப்போம்."

அப்போதுதான் எனக்கு எங்கிருந்தோ குரல் வந்தது. அந்த அறையில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதே இல்லை.

"வேற எங்கேம்மா போறது? சின்னது திக்குது, பெருசு அணையுது. இது ஒரு நாளைக்கு ஒருதரம் நிக்குது. நிக்கட்டும். மத்தியானத்துல மனுசனே ஒருதரம் கண்ண மூடறான். இது போதும்."

"யாருக்குப் போதும்?" கடைக்காரரைக் கேட்ட அதே கேள்வி, அதே குரல்.

"எனக்கு. இது என் கடை. எனக்குப் போதும்."

என் மனைவி வாசலில் வந்து நின்றாள். நான் சண்டை போடுகிறேன் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. அந்தப் பெண்ணுக்கு முகம் சுருங்கும் என்று நினைத்தேன். அவள் தாளைத் திருப்பி வெற்றுப் பக்கத்தை என் முன்னால் வைத்தாள். பேனாவையும் வைத்தாள்.

"அப்ப எழுதிக் குடுங்க."

"இன்னாத்த எழுதறது?"

"எங்க கம்பெனியில ஒரு வழக்கம் இருக்குண்ணே. குறை இருக்கறதை ஓட்டலாம்னு ஒருத்தர் சொல்லலாம். தப்பு இல்ல. ஆனா என்ன குறைன்னு எழுதி, தெரிஞ்சுதான் எடுக்குறேன்னு அவரு கையெழுத்துப் போடணும். அந்தச் சீட்டு அந்தச் சாமானோடவே போகும். போன மாசம் நாப்பது பலகைக்கு என்னைப் பச்சை ஒட்டச் சொன்னாரு எங்க மேனேஜர். ஓடும், ஒண்ணும் ஆகாதுன்னாரு. அப்ப நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார், நான் விடுறேன்னேன். போட மாட்டேன்னாரு. அவருக்கே போதலைன்னுதான அர்த்தம்?"

அதற்காக அவளை லைனிலிருந்து எடுத்து பேக்கிங் பிரிவில் போட்டிருந்தார்கள். அதை அன்றைக்குத்தான் எங்களிடம் சொன்னாள். அங்கேயும் போய் அட்டைப்பெட்டிகளை இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டுப் பார்த்திருக்கிறாள். இரண்டு வருடம் கழித்து ஓசூர்ப் பக்கம் வேறு வேலைக்குப் போகும் வரைக்கும் அந்த மேனேஜருக்கு அவள் வணக்கம் சொல்லவில்லை. அவர் கையெழுத்தும் போடவில்லை.

நான் பேனாவை எடுத்தேன். ரேஷன் கடையிலும் நிலம் கொடுத்தபோதும் தவிர நான் எங்கும் கையெழுத்துப் போட்டவன் இல்லை. அவை எல்லாம் அவர்கள் எழுதி நான் போட்டவை. இது நானே எழுதியது. கால் மணி நேரம் ஆயிற்று. 'மத்தியானம் சூடு ஏறினால் இந்த மிஷின் ஒரு முறை நின்று போகும். தெரிந்தே வாங்கியிருக்கிறேன்.' கீழே என் பெயர்.

வாங்கிப் படித்துவிட்டு, "நல்லா தெரியுற இடத்துல ஒட்டுங்க" என்றாள்.

"செவுத்துலயா?"

"மிஷினுக்கு முன்னாடி உக்காருறவன் பாக்கணும்ல."

மீதி இரண்டு கார்டு வாங்க வியாழக்கிழமை நான் தனியாகப் போனேன். மடியில் அதே புடவை மூட்டை. கடைக்காரர் என்னைப் பார்த்ததும் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். அலமாரியிலிருந்து இரண்டு பெட்டியை எடுத்து வைத்து, "சேம் பீஸ் தலைவரே, கண்ண மூடிக்கினு எடுத்துட்டுப் போ" என்றார். நான் மூட்டையை அவிழ்த்தேன். ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது.

"வெயிலு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், வாசல் வெயிலைப் பார்த்தார். பிறகு வயரை எடுக்க உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஓவர்டைம். காலை ஷிப்ட் பஸ்ஸில் போய்விட்டாள். அன்றைக்கு அவள் கூட இருந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கு இருந்தது. என் மனைவி அந்தச் சீட்டைக் கிழிக்கச் சொல்லிக் காலையிலிருந்து மூன்று முறை வந்துவிட்டாள். "ஊர்ல எவனாவது தன் கடைக் குறையத் தானே எழுதி ஒட்டுவானா? பஸ் ஸ்டாண்டு கடைக்காரனுக்கு நீயே போர்டு எழுதிக் குடுக்கற." அவள் சொன்னதில் தப்பு இல்லை. ஆனாலும் கிழிக்கக் கை வரவில்லை. எழுதியவன் நான்.

பத்து மணிக்குக் கண்ணன் வந்தான். அவனோடு சேர்த்துப் பதினொரு பேர். இரண்டு பேர் புது ஆட்கள், அதற்கு முந்தின வாரம் பஸ் ஸ்டாண்டு கடைக்குப் போய் வந்தவர்கள். உள்ளே வந்ததும் எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள். ஒருவன் சத்தம் போட்டுப் படித்தான். இன்னொருவன் சிரித்தான். நான் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மூணுமே நிக்குமாண்ணே?" என்றான் கண்ணன்.

"நிக்கும்."

"எத்தனை மணிக்கு?"

"ரெண்டரை, மூணு வாக்குல."

அவன் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தான். "அப்ப அதுக்குள்ள ஜெயிச்சிரணும்டா. உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். விளையாடுகிறவர்கள் மூன்று பேர், பின்னால் நின்று கத்துகிறவர்கள் எட்டுப் பேர். கூரை காய்ந்தது. இரண்டு நாற்பதுக்கு ஒரு மிஷின் நின்றது. ஐந்து நிமிடத்தில் இன்னொன்று. மூன்று மணிக்கு மூன்றாவது. புதுப் பையன்களில் ஒருவன் எழுந்தான். "பஸ் ஸ்டாண்டு கடையில இப்படி நிக்காதுண்ணே. அங்க ஏசி" என்றான்.

கண்ணன்தான் பேசினான். "அங்க எதுவாச்சும் நின்னா எவனாவது ஒத்துக்குவானா? நம்ம மேலதான் தப்புன்னு சொல்லுவான். செவுத்தைப் படிச்சுட்டுத்தானடா உள்ள வந்தே? உக்காரு. தண்ணி குடி."

அந்தப் பையன் நின்றான். பிறகு குடத்துப் பக்கம் போனான்.

ஆறரை மணிக்குக் கம்பெனி பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அவள் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க வாசலில் வந்து நின்றாள். உள்ளே கூச்சல் காதைக் கிழித்தது.

"நின்னுச்சாண்ணே?"

"மூணும் நின்னுதும்மா."

"எத்தனை பேரு எந்திரிச்சுப் போனாங்க?"

"ஒருத்தரும் போகலம்மா."

என் வார்த்தையை அவள் எடுத்துக்கொள்ளவில்லை. வாசல்படிக்குக் கீழே கிடந்த செருப்புகளைக் குனிந்து ஒவ்வொரு ஜோடியாக எண்ணினாள்.

"பதினொண்ணு" என்றாள். தன் செருப்பை அவற்றிலிருந்து தள்ளித் தனியாகக் கழற்றி வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போனாள்.